தங்கச்சிக்கு எட்டாத உயரத்தில்

கேள்வி: அக்கா, எனக்கு 20 வயது. பி.காம். மூன்றாம் ஆண்டு. குண்டு எறிகிறேன். பள்ளியில் மாவட்ட அளவில் ஜெயித்திருக்கிறேன், மாநிலத்தில் ஒருமுறைகூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஜிம் மாஸ்டரிடம் சேர்ந்தேன். ஐந்து மாதமாகப் பவுடரும் மாத்திரையும் தருகிறார், வாரம் ஒரு ஊசி. கேட்டால் வைட்டமின், புரோட்டீன் என்பார். எல்லாம் லேபிள் இல்லாத வெள்ளை டப்பா. 12.90 மீட்டர் எறிந்தவன் இப்போது 14.60 எறிகிறேன். மாதம் 8,000 ரூபாய். அப்பா ரப்பர் பால்வெட்டு. அம்மாவின் செயினை அடகு வைத்துத்தான் கட்டுகிறோம். அடுத்த மாதம் மாநில மீட். டோப் டெஸ்டுக்கு ஆள் வரலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு முன் நிறுத்தினால் தெரியாது? முதுகெல்லாம் பரு வேறு. தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறாள், அவளும் ஓடுவாள். சத்துமாவு என்று எடுத்துத் தின்றுவிடுவாள் என்று டப்பாவைப் பரண் மேல் வைத்திருக்கிறேன். லீவு விட்டதும் அவளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். அம்மா உங்கள் பகுதியை விடாமல் படிப்பார், அதனால் பெயரும் ஊரும் போட வேண்டாம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தம்பி, எத்தனை நாளைக்கு முன் நிறுத்தினால் தெரியாது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது. கபடி, பளுதூக்குதல், நானூறு மீட்டர் என்று விளையாட்டுதான் மாறுகிறது, கேள்வி இதேதான் வருகிறது. ஒருவருக்கும் சொன்னதில்லை. உன் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. முதுகுப் பருவைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், தங்கச்சி தின்றுவிடக் கூடாதென்று டப்பாவைப் பரண் மேல் வைத்திருப்பதாக.

ஏன் தின்னக் கூடாது?

மாஸ்டர் சொன்னபடி அது வைட்டமின்தானே? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, வளர்கிற வயது. காலையில் ஓடிவிட்டுப் பசியோடு வந்து நிற்கிறாள். எட்டாயிரம் ரூபாய்ச் சத்து வீட்டில் இருக்கும்போது அவளுக்கும் இரண்டு ஸ்பூன் பாலில் கலக்கிக் கொடுக்க வேண்டியதுதானே? ஏத்தம்பழம் வாங்கினால் பரணிலா வைக்கிறாய்? மரச்சீனியும் சாளைக் குழம்பும் அவளுக்கு எட்டாமல் ஒளித்தா வைக்கிறீர்கள்? ஸ்டூல் போட்டு ஏறி, கைக்குச் சிக்காத மூலையில் தள்ளி வைத்தாயே, அந்த நேரத்தில் உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்த ஒன்றை உன் உடம்பில் வாரா வாரம் ஏற்றிக்கொள்கிறாய். "மாஸ்டர் கொடுத்தார், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று யாரிடமும் சொல்லாதே. என்னிடம் நிச்சயமாகச் சொல்லாதே.

சொன்னாலும் செல்லாது. ஊக்கமருந்து விதியின் அடிப்படையே அதுதான். உன் சிறுநீரில் என்ன இருந்தாலும் அதற்கு நீதான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ உதவலாம், குற்றம் இல்லை என்று ஆக்காது. 2010-ல் தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். அந்த அணியில் ஓடியவர்களிலேயே சிலர் அடுத்த ஆண்டு ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் தந்த ஜின்செங் என்ற மூலிகையில் கலந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். உக்ரைன்காரரான அந்தப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஓடிய பிள்ளைகளுக்கு இங்கே கொடுத்த ஓராண்டுத் தடையும் போதாது என்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2 ஆண்டாக்கியது. இந்திய முகாமில், அரசு நியமித்த பயிற்சியாளர் கொடுத்ததற்கே இந்தக் கதி. லேபிள் இல்லாத டப்பாவுக்கு யார் வந்து பரிந்து பேசுவார்கள்?

2019-ல் தோஹாவில் ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வாங்கிய திருச்சி மாவட்டத்துப் பெண்ணைத் தமிழ்நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது உனக்கு நினைவிருக்கும். சோதனையில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு. தான் எடுக்கவே இல்லை என்றுதான் அவரும் சொன்னார். தங்கம் போயிற்று, 4 ஆண்டுத் தடை.

உன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் வார ஊசி, முதுகில் பரு, ஐந்து மாதத்தில் 1.70 மீட்டர் என்றால் அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது தசையை வளர்க்கும் ஹார்மோன் மருந்து, என்றுதான் எவரும் சந்தேகப்படுவார்கள். அதற்கு முதல் தடவையே 4 ஆண்டு. இருபதில் தொடங்கினால் இருபத்து நான்கு. குண்டு எறிய மட்டும்தான் தடை என்று நினைக்காதே. அங்கீகாரம் பெற்ற எந்தச் சங்கத்தின் எந்த விளையாட்டிலும் இறங்க முடியாது, பயிற்சியாளராகவோ நடுவராகவோ நிற்கவும் முடியாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அம்மா செயினைக் கழற்றிக் கொடுத்தது அதை நம்பித்தான் என்று நினைக்கிறேன். சான்றிதழே ரத்தான பிறகு எதைக் காட்டி விண்ணப்பிப்பாய்?

ஆள் வந்தால் நழுவிவிடலாம் என்றும் ஜிம்மில் சொல்லியிருப்பார்கள். 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப் பேர் மைதானத்தை விட்டே ஓடினார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒரு பையன் தனியாக ஓடி முடித்தான். கழிவறையில் ஊசிகள் கிடந்தன. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் அழைப்பைக் கொடுத்த பிறகு சோதனைக்கு வராமல் ஓடுவதும் குற்றம்தான், அதற்கும் 4 ஆண்டுதான்.

சோதனை எப்படி நடக்கும் என்று ஒருவரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். உன் போட்டி முடிந்த கையோடு ஒருவர் வந்து அடையாள அட்டையைக் காட்டி, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து உன் பக்கத்தை விட்டு நகர மாட்டார். பரிசு வாங்கப் போனாலும் கூடவே வருவார். அறைக்குள் போனால் மூடிய கோப்பைகளில் ஒன்றை நீயே எடுக்க வேண்டும். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண், ஒருவர் நேருக்கு நேர் நின்று பார்க்க, சட்டையை நெஞ்சு வரை தூக்கிக்கொண்டு 90 மில்லிலிட்டராவது கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திரு, எத்தனை மணி நேரமானாலும் சரி. 'ஏ', 'பி' என்று இரண்டு குப்பியில் நீயே ஊற்றி நீயே இறுக்கி மூட வேண்டும். பிறகு படிவம். கடந்த 7 நாளில் என்னென்ன மருந்து, என்னென்ன பவுடர் சாப்பிட்டாய் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் நீ என்ன எழுதுவாய்? வெள்ளை டப்பா என்றா? மாதிரியை 10 ஆண்டு வரை வைத்திருந்து மறுபடி சோதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இன்றைக்குத் தப்பியவன், முப்பது வயதில் கையில் குழந்தையோடு நிற்கும்போதும் அழைக்கப்படலாம். போட்டி இல்லாத நாளில் வீட்டு வாசலுக்கே வந்து கேட்கவும் செய்வார்கள்.

இனி அப்பா. அவரைப் பற்றிக் கடிதத்தில் மூன்று சொல்தான் எழுதியிருக்கிறாய். ஊர் தூங்கும்போது தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறவர், மழை பிடித்தால் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. அவரிடம் போய்க் கேள், பால் கூடுதலாக ஒழுகுவதற்கு எத்தபோன் தடவி, ஓய்வு விடாமல் வெட்டின மரம் என்ன ஆகும் என்று. கொஞ்ச நாள் சிரட்டை நிரம்பி வழியும், அப்புறம் பட்டை காய்ந்துபோய்க் கத்தி பட்டாலும் சொட்டு வராது. உன் உடம்பிலும் அதே வேலைதான் நடக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு வளரும். மாத்திரையாகச் சாப்பிடுவது ஈரலைப் பிடிக்கும். இதயத் தசை தடிக்கும். பருவைப் பெரிதாக எழுதியிருக்கிறாய், அதில் சின்ன விஷயம் பரு.

உன் பெற்றோரையும் நான் விடப்போவதில்லை. மகனுக்கு வாங்கும் பொருளின் பெயரே தெரியாமல், ஒரு பில்கூட இல்லாமல், மாதம் 8,000 கொடுப்பது பாசமாக இருக்கலாம், பொறுப்பு ஆகாது. மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கினால்கூட மூட்டையைத் திருப்பிப் பார்ப்போம். வீட்டுக்குள் வருகிற எதையும் இது என்ன என்று கேட்கும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு, பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான் என்பதற்காக அந்த உரிமை தீர்ந்துபோவதில்லை. கேட்காதது அவர்கள் தவறு, கேட்க முடியாத உயரத்தில் வைத்தது உன் தவறு.

அந்த மாஸ்டர் தங்கச்சியைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவள் அந்த ஜிம்மின் படி ஏறக் கூடாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெண் பிள்ளைக்கு இந்த மருந்து போனால் குரல் கட்டையாகும், முகத்தில் முடி வரும், மாதவிலக்கு நின்றுபோகும். மருந்தை விட்டாலும் அந்தக் குரல் திரும்பி வராது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கும் பயிற்சியாளருக்கு ஆயுள் தடை வரை விதியில் இடமிருக்கிறது. ஆனால் அவரைத் தடை செய்து உனக்கென்ன லாபம், அவள் குரல் போன பிறகு? அண்ணன் என்றால் முதல் வேலை இது, குண்டெல்லாம் அப்புறம்.

செய்ய வேண்டியதைக் கேள். மாநில மீட்டுக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெறு. ஊசி இன்றோடு சரி. டப்பாவையும் மாத்திரையையும் தூக்கி எறியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, அப்பாவோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. டாக்டரிடம் ஒளிக்காமல் ஐந்து மாதக் கதையையும் சொல். ஈரல், ரத்த அழுத்தம், கொழுப்பு, ஹார்மோன் எல்லாம் பார்க்கச் சொல். நிறுத்திய பிறகு சோர்வும் மனச்சோர்வும் வருவது உண்டு, அதைத் தாங்காமல் மறுபடி ஊசிக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் டாக்டர் வேண்டும் என்கிறேன்.

நாடாவிடம் நீயே போய்ச் சொல்வது பற்றியும் யோசி. சோதனைக்கு அழைப்பு வருவதற்கு முன், வேறு ஆதாரம் எதுவும் இல்லாத நிலையில் தானாக ஒப்புக்கொண்டால் தடைக்காலம் பாதி வரை குறைய விதியில் இடம் உண்டு. கொடுத்தவரைப் பிடிக்க உதவினால் முக்கால் பங்கு வரைகூட நிறுத்திவைக்கலாம். எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசு. இது தடையே இல்லாமல் தப்பிக்கும் வழி இல்லை.

தங்கச்சி தொடர்ந்து ஓடட்டும். அவளுக்காக நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியை வீட்டுப் போனில் ஏற்றிக்கொள். மருந்தின் பெயரைக் கொடுத்தால் தடை செய்யப்பட்டது கலந்திருக்கிறதா என்று காட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் பலவற்றில் டெர்பூட்டலின் இருக்கிறது, அது தடைப் பட்டியலில் உள்ள மருந்து. ஆஸ்துமா மாதிரி நிஜமான நோய்க்குத் தடை மருந்து தேவைப்பட்டால் முன்கூட்டியே விலக்கு வாங்க வழி உண்டு, டாக்டர் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் மாறும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 'அடெல்' தளத்தில் வீரர்களுக்கும் பெற்றோருக்கும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. நீயும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எந்தப் பவுடரையும் எங்கள் அங்கீகாரம் பெற்றது என்று நாடா சொல்வதில்லை, கடைக்காரர் அப்படிச் சொன்னால் பொய்.

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்றாய், போடவில்லை. ஆனால் குண்டு எறியும் பி.காம். பையன், ஒன்பதாவது படிக்கும் ஓட்டக்காரத் தங்கை, பால்வெட்டு, அடகு வைத்த செயின் என்று படித்தால் உன் அம்மாவுக்கு வேறு யார் வீடு என்று தோன்றும்? வேண்டுமென்றேதான் எதையும் வெட்டவில்லை. இந்தப் பதிலை உனக்குத் தனியாக முன்பே தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதழ் கடைக்கு வர அதன்பின் பத்து நாள் ஆகும். அதற்குள் நீயே அம்மாவிடம் சொல்லிவிடு.