உச்சியை விற்காதீர்கள்: சாகசப் பயண நிறுவனம் நடத்துவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, சில வருடங்களாக வாட்ஸ்அப் குழு வைத்து ஆபீஸ் நண்பர்களை நாகலாபுரம், தடா என்று மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகிறேன். செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டு இதையே கம்பெனியாக நடத்த ஆசை. முதலில் என்ன செய்ய வேண்டும்?
(சோழிங்கநல்லூர் வாசகர்)

முதலில் வேலையை விடாதீர்கள், தம்பி. ஒரு சீசன் கம்பெனி பெயரில் நடத்திப் பார்த்த பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.

செலவைப் பங்கு போட்டவரை நீங்கள் நண்பர்களில் ஒருவர். கட்டணம் வாங்கியதும் சேவை விற்பவர் ஆகிவிடுகிறீர்கள். உங்களோடு வந்து கால் முறிந்தவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் மேல் வழக்குப் போடலாம். தனி உரிமையாளராக இருந்தால் இழப்பீடு உங்கள் சொந்தச் சொத்து வரைக்கும் பாயும். பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) ஆகப் பதிவு செய்யச் சொல்வது அதனால்தான். ஆனால் அலட்சியத்தால் ஒரு உயிர் போனால் வரும் கிரிமினல் வழக்கை எந்தப் பதிவும் தடுக்காது.

அடுத்தது காட்டு அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 தடங்களுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, ஆன்லைனில் இடம் விற்கிறது. அந்த மண்ணின் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். தீ அபாயக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை வழக்கமாக மூடிவிடுவார்கள். பரீட்சை முடிந்து கல்லூரிப் பிள்ளைகள் ஃபோன் செய்யத் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். "தெரிந்த வழி ஒன்று இருக்கிறது, வார்டனைச் சரிக்கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிடுங்கள். நாகலாபுரமும் தடாவும் ஆந்திர வனத்துறையின் கையில் இருப்பவை. அங்கே தமிழ்நாட்டு அனுமதிச் சீட்டு வெறும் காகிதம்.

மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள்: வண்டி. நண்பரின் வெள்ளை போர்டு வேனில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்து நடந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி கிடைத்துவிடும். மஞ்சள் போர்டு, பக்கத்து மாநிலத்துக்கும் சேர்த்துப் பெர்மிட், இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் தூங்க இடம் கிடைக்கும் டிரைவர். இந்த மூன்றும் இல்லாமல் சென்னையின் பாடி மேம்பாலத்தைக்கூடத் தாண்டாதீர்கள். வார இறுதி மலையேற்றத்தில் நான் மலையைவிட அதிகம் பயப்படுவது ஞாயிறு ராத்திரி திரும்பி வரும் வண்டிக்குத்தான்.

கேள்வி: 'என் உயிருக்கு நானே பொறுப்பு' என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அது போதும்தானே?
(அண்ணா நகர் வாசகர்)

போதாது. நீங்கள் பழைய கயிறு கொடுத்து அது அறுந்தால் அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. இயற்கையான ஆபத்து வேறு, உங்கள் அலட்சியம் வேறு. ஒருதலையான ஒப்பந்தங்களைச் செல்லாது என்று அறிவிக்கவும் அதே 2019 சட்டத்தில் இடமிருக்கிறது.

அந்தப் படிவத்துக்கு வேறு பயன் உண்டு. வருபவர் எதையெல்லாம் மறைக்கிறார் என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துங்கள். 'உடல்நலம் எப்படி?' என்று கேட்டால் எல்லோரும் 'நலம்' என்றுதான் எழுதுவார்கள். 'தினமும் போடும் மாத்திரைகளின் பெயர் எழுதுக', 'கடைசியாக மூச்சு வாங்கி நின்றது எப்போது?', 'வீட்டில் யாருக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை?' என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள், ஆனால் ஏதாவது நடந்தால் நீங்கள் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். படிவத்தைத் தமிழில் கொடுங்கள். வேனில் ஏறும்போது நீட்டாமல், முன்பணம் வாங்குவதற்கு முன்பே அனுப்புங்கள்.

கேள்வி: ஒருவர் வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிறாராம். நேரடியாக லடாக்கில் 6,000 மீட்டர் சிகரத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். நல்ல ஃபிட்னஸ். முழுப்பணமும் கட்டத் தயார்.
(வேளச்சேரியில் பயண நிறுவனம் நடத்துபவர்)

பக்தியையும் முட்டியையும் பாராட்டுங்கள், பணத்தை வாங்காதீர்கள். வெள்ளியங்கிரி செங்குத்து, சந்தேகமில்லை. ஆனால் அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெலிவதில்லை. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அங்கே உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மெரினாவில் ஓடியோ திருக்கழுக்குன்றத்துப் படிகளில் ஏறியோ தெரிந்துகொள்ள முடியாது. மாரத்தான் ஓடுபவர் படுத்துவிடுவார், அவரோடு வந்த தொப்பைக்காரர் டீ குடித்துக்கொண்டிருப்பார். உயரப் பிணி ஃபிட்னஸ் பார்த்து வருவதில்லை. சொல்லப்போனால் வேகமாக நடக்க முடிந்தவர்தான் அவசரப்பட்டு ஏறி முதலில் மாட்டிக்கொள்வார்.

சென்னையிலிருந்து போகிறவருக்கு இன்னொரு சிக்கல். காலையில் மீனம்பாக்கத்தில் கடல்மட்டத்தில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, சுமார் 3,500 மீட்டரில் உள்ள லேயில் இறங்குகிறார். இடையில் உடம்புக்கு அவகாசமே இல்லை. அதனால் லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருப்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும். விளம்பரத்தில் 'எட்டே நாளில் 6,000 மீட்டர்' என்று பார்த்தால், எந்த ஓய்வு நாளை வெட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். உயரப் பிணியைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை உதவும்தான், ஆனால் டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியாக வேண்டும்.

உங்கள் குழுத்தலைவருக்கு இரண்டு விஷயம் மனப்பாடமாக இருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் கீழே இறக்குவது, நடு ராத்திரியானாலும்.

அந்த வெள்ளியங்கிரிக்காரருக்கு என்ன சொல்வது? இந்த வருடம் 4,000 மீட்டர் தாண்டும் ஒரு மலையேற்றம். உடம்பு எப்படித் தாங்கியது என்று பார்த்துவிட்டு, அடுத்த வருடம் சிகரம். கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனால் போகட்டும்.

கேள்வி: துபாயில் இருக்கும் மச்சான் சாட்டிலைட் ஃபோன் வாங்கித் தருகிறேன் என்கிறார். பயணங்களில் பயன்படுத்தலாமா?
(தாம்பரம் வாசகர்)

வேண்டவே வேண்டாம். துராயா, இரிடியம் ஃபோன்களை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். இரிடியத்தில் இயங்கும் கார்மின் இன்ரீச் கருவிக்கும் இதே கதிதான். விமான நிலையத்தில் இவற்றோடு பிடிபட்டவர்கள் உண்டு. சட்டப்படி வேண்டுமென்றால் பிஎஸ்என்எல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மச்சானிடம் நல்ல முதலுதவிப் பெட்டி ஒன்று கேளுங்கள்.

கேள்வி: அந்தமான் ஸ்கூபா பேக்கேஜில் கடைசி நாள் காலை டைவ், மதியம் சென்னை விமானம் என்று போட்டிருக்கிறோம். சரியா?
(அடையாறு வாசகர்)

தப்பு. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால், அது குமிழியாகி ஆளை முடக்கிவிடும். கடைசி நாளைக் கடற்கரைக்கும் கடைவீதிக்கும் விடுங்கள். தரைவழிக்கும் இது பொருந்தும்: ராமேஸ்வரம் பக்கம் டைவ் முடித்த கையோடு ராத்திரியே கொடைக்கானல் ஏறுகிற பேக்கேஜும் ஆபத்துதான்.

கேள்வி: நாங்கள் 19,000 ரூபாய் சொல்லும் பயணத்தைப் பக்கத்துக் கம்பெனி 13,000க்குத் தருகிறது. எப்படிப் போட்டி போடுவது?
(நங்கநல்லூர், இரண்டு பார்ட்னர்கள்)

உங்கள் கணக்கையும் அவர்கள் கணக்கையும் என்னால் ஊகிக்க முடிகிறது. வழிகாட்டி, உதவியாளர், சமையல்காரர், வண்டி என்று ஆள் எத்தனை வந்தாலும் மாறாத செலவு 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குச் சாப்பாடு, அனுமதி 4,000. பத்துப் பேர் வந்தால் தலைக்கு 13,000 ஆகிறது, ஆறு பேர் என்றால் 19,000. அவர்கள் பத்தை நம்பி விலை வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் சேர்ந்ததும் மீதி இரண்டு இடத்துக்கு யார் வந்தாலும் ஏற்றுவார்கள். மேலே சொன்ன வெள்ளியங்கிரிக்காரர் அப்போது அவர்களுக்கு வேண்டியவர் ஆகிவிடுவார். ஆறில் கை கடிக்காத விலை வைத்திருப்பதால்தான் உங்களால் ஒருவரை 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறது. அதை விட்டுவிடாதீர்கள். வேண்டுமானால் ஏழு பேருக்கு மேல் சேர்ந்தால் எல்லோருக்கும் பணத்தில் ஒரு பகுதி திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை அது நன்றாக வேலை செய்கிறது.

டூர் ஆபரேட்டருக்கு 5% ஜிஎஸ்டி என்றால் உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது. அதனால் விடுதிக்குக் கட்டும் வரியும் உங்கள் செலவுதான். வெளிநாட்டுப் பயணத்துக்கு வாடிக்கையாளரிடம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். அதன் விகிதத்தையும் வரம்பையும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாற்றுகிறார்கள். 2023 அக்டோபரில் 7 லட்சத்துக்கு மேல் 20% என்றார்கள், 2025 ஏப்ரலில் வரம்பை 10 லட்சமாக்கினார்கள். விலைப்பட்டியல் அச்சடிக்கும் முன் ஆடிட்டரை ஒரு தடவை கூப்பிடுங்கள்.

உச்சி தொட்டால் வழிகாட்டிக்குப் போனஸ் என்று மட்டும் வைக்காதீர்கள். மேகம் திரளும்போது அவர் வானத்தைப் பார்க்காமல் போனஸைப் பார்ப்பார். திரும்பி இறங்கினாலும் அதே சம்பளம் என்பதை வேலையில் சேரும் அன்றே எழுதிக் கையில் கொடுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் பி.காம். முடித்துவிட்டு மலை வழிகாட்டியாகப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா? பாதுகாப்பா?
(அம்பத்தூர், ஒரு தாய்)

வேலைதான் அம்மா, படித்துவிட்டுப் போனால். உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றக் கல்லூரி, டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமயமலை மலையேற்றக் கல்லூரி என்று அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். முதலில் அதற்கு அனுப்பிப் பாருங்கள். பெண்கள் குழுவோடு போகப் பெண் வழிகாட்டி கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். சீசன் இல்லாத மாதங்களில் சம்பளம் உண்டா என்று சேரும் கம்பெனியிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பி.காம். படித்த பெண், கணக்கு அவளுக்கே புரியும்.

கேள்வி: புயலால் சென்னை விமானம் ரத்தாகி நான்கு பேர் வர முடியவில்லை. மலையில் வானிலை நன்றாக இருந்ததால் பயணம் நடந்தது. முழுப்பணமும் கேட்கிறார்கள். தர வேண்டுமா?
(போரூர் வாசகர்)

நீங்கள் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பதிவின்போதே 'விமானம் உங்கள் பொறுப்பு, திரும்பக் கிடைக்காத அனுமதிக் கட்டணம் இவ்வளவு' என்று பிரித்துக் காட்டியிருந்தால், செலவாகாத சாப்பாடு, தங்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதியில் ஒரு பகுதியை அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம். எதுவும் எழுதவில்லையென்றால் பேசி முடியுங்கள், நுகர்வோர் ஆணையம் வரை இழுக்காதீர்கள்.

கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டுமே! வாடிக்கையாளர் முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். பயணம் முடிந்த பிறகுதான் அது உங்கள் பணம். அடுத்த பயணத்தின் முன்பணத்தில் இந்த மாத வாடகை கட்டுகிற கம்பெனி, ரத்து செய்ய வேண்டிய பயணத்தையும் ரத்து செய்யாது.

இனிமேல் வடகிழக்குப் பருவமழையைச் சென்னைக்காரர்களாக யோசித்துத் திட்டமிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று இரண்டு வருடமும் விமான நிலையத்தை மூடினார்கள். நவம்பர், டிசம்பர் பயணங்களுக்கு டெல்லியில் ஒரு நாள் முன்னதாகக் கூடச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் அறை வாடகையை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.