அந்த ஓவர்டைம் பணம் எங்கே?

கேள்வி: வயது 32. பி.காம். முடித்து, மதுரையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வக்கீலாக வேண்டும் என்பது கல்லூரிக் கால ஆசை. ஆறு மாதமாக வேலை முடிந்ததும் ஆபீஸிலேயே உட்கார்ந்து, சட்டப் படிப்பில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறேன் (வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன்). வீடு திரும்புவதற்குள் யூ.கே.ஜி. படிக்கும் மகள் தூங்கிவிடுகிறாள். வேலைக்கும் படிப்புக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஓவர்டைம் பார்த்தால் சம்பளத்தோடு கூடுதலாக ஏதாவது வர வேண்டும். ஆறு மாதமாக வராத பணத்துக்கு மனைவியிடம் என்ன கணக்குச் சொன்னீர்கள்? அவர் கேட்கவே இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு தினமும் காத்திருப்பவர் மனதில் என்னென்னவோ ஓடும்.

இந்தப் பொய் உங்கள் படிப்பையும் கெடுத்திருக்கிறது. நீங்கள் படிப்பது பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்பில் சேர எழுதும் தேர்வுக்கு. பட்டதாரிக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் அதற்கு நுழைவுத் தேர்வே கிடையாது, டிகிரி மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் வாய்விட்டுப் பேசியிருந்தால் சொந்தபந்தத்தில் யாராவது முதல் வாரமே சொல்லியிருப்பார்கள்.

கஷ்டமெல்லாம் சேர்ந்த பிறகுதான். எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது வக்கீல் தொழிலை முறைப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. வகுப்பு நடப்பது உங்கள் ஆபீஸ் நேரத்தில். வேலையில் இருப்பதைக் கல்லூரியில் மறைக்கவும் வழியில்லை, அதைத் தெரிவிக்கச் சொல்லி 2024-ல் சுற்றறிக்கையே வந்துவிட்டது. ஆக, இந்தச் சம்பளம் நிற்கும். படித்து முடித்தால் வக்கீலாகத் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வு, அப்புறம் சீனியரிடம் ஜூனியராகச் சில வருடம். ஜூனியருக்குக் கிடைக்கும் பணத்தில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்துவது பெரும்பாடு.

இத்தனையையும் தாங்கப்போவது உங்கள் மனைவி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள்? பாடுபடுவதை மறைத்து, ஜெயித்த பிறகு வீட்டுக்குச் சொல்வதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாமல் அவள் வாழ்க்கையில் மூன்று வருடத்தை எடுத்துக்கொள்ள எந்தக் கணவனுக்கும் உரிமை கிடையாது.

இன்றைக்கு ஆபீஸ் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போங்கள். மகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவள் தூங்கியதும் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, வாடகை, ஸ்கூல் ஃபீஸ், கடன் தவணை எல்லாவற்றையும் ஒரு தாளில் இருவருமாக எழுதுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் சேமித்துவிட்டுச் சேரலாம் என்று அவர் சொன்னால், பொறுங்கள். 34 வயதில் சேர்ந்தும் வக்கீல் ஆகலாம். சரி, இப்போதே சேருங்கள் என்றால், மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் தேடி எடுத்து வையுங்கள். அந்த ஆன்லைன் வகுப்புக்கு இனிமேல் பணம் கட்டாதீர்கள்.