எதிர் மனையில் ஒரு புது மாதிரி வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் ராலே நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஓக்வுட் பகுதியைச் சுற்றிப் பார்த்தோம். எல்லாம் பழைய காலத்து மர வீடுகள், நடுவில் ஒன்று மட்டும் புது மாதிரி. முறையாக அனுமதி வாங்கிக் கட்டியும் அதை இடிக்க வேண்டிய நிலைமை வந்ததாம், மாப்பிள்ளை சொன்னார். சொந்த மனையில் கட்டுவதைக்கூட எதிர் வீட்டார் தடுக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: மாப்பிள்ளை சொன்னது உண்மைதான், அந்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. ஓக்வுட் சாதாரணக் குடியிருப்பு இல்லை. 1970களின் தொடக்கத்தில் அதன் குறுக்கே விரைவுச்சாலை போடத் திட்டமிட்டார்கள், அங்கே குடியிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து போராடி நிறுத்தினார்கள், 1975இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. அதனால் மனை உங்கள் பெயரில் இருந்தாலும் வெளியில் தெரிகிற மாதிரி எதைக் கட்டுவதானாலும் கட்டட அனுமதி மட்டும் போதாது, இந்தத் தெருவுக்கு இது பொருந்தும் என்று பாரம்பரியப் பாதுகாப்புக் குழு தருகிற சான்றும் வேண்டும்.

2013இல் ஒரு கட்டடக் கலைஞரும் அவர் மனைவியும் அங்கே காலி மனையில் இரண்டு மாடி வீடு கட்ட அந்தச் சான்றை வாங்கினார்கள். மரப்பலகை போர்த்திய சுவர், சரிவு குறைந்த கூரை, முன்னால் ஒரு வராந்தா, அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் மேல்முறையீடு செய்தார். 2014 தொடக்கத்தில் நகரத்தின் மேல்முறையீட்டு வாரியம் அவர் பக்கம் நின்று சான்றை ரத்து செய்தபோது வீடு பெரும்பகுதி எழும்பிவிட்டது! அதே ஆண்டு மாவட்ட நீதிமன்றம் வாரியத்தின் முடிவைத் தள்ளியது, 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி இதுதான்: அந்த வீட்டால் உங்களுக்கென்று தனியாக என்ன பாதிப்பு? மழைத்தண்ணீர் உங்கள் பக்கம் வருகிறதா, சத்தமா, வண்டி நிறுத்தத் தொல்லையா? அப்படி எதையும் அவர் காட்டவில்லை. தெருவின் அழகு கெடும், வீடுகளின் மதிப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்வது வழக்குத் தொடுக்கப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, வீடு தெருவுக்குப் பொருந்துமா என்பதில் அல்ல, வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டா என்பதில்தான் கடைசித் தீர்ப்பு நின்றது.

என் கருத்தைக் கேட்டால், சான்று கொடுத்த குழு செய்தது சரி. பழைய பகுதியில் புதிதாகக் கட்டினால் அது பழசு மாதிரி வேஷம் போடக் கூடாது, பார்த்ததும் புதுசு என்று தெரிய வேண்டும், ஆனால் உயரமும் பருமனும் பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அமெரிக்க உள்துறையின் பாதுகாப்பு நெறிகளிலேயே இருக்கிறது. ஓக்வுட்டிலேயே விக்டோரியா காலத்து வீட்டுக்குப் பக்கத்தில் பிற்பாடு வந்த, ‘பங்களோ’ என்று அங்கே சொல்லும் சிறிய வீடுகள் நிற்கின்றன, அவையும் கட்டிய நாளில் புது மாதிரிதான். அதற்காக எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போராடிக் காப்பாற்றிய தெரு அது, ஒரு வீட்டை விட்டால் நாளைக்குப் பத்து வரும் என்ற பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கு வருத்தமெல்லாம் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே கட்டட வேலை நடக்கவிட்டதில்தான். சுவர் எழும்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய பேச்சு, ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் தொங்கியது.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லாம் ஓட்டு வீடு, மாடி வீடு. எதிரே ஒருவர் கண்ணாடியும் கான்கிரீட்டுமாகப் பெட்டி மாதிரி கட்டுகிறார். புகார் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தோற்றத்துக்காகக் கொடுத்தால் எடுபடாது அம்மா. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் பார்ப்பது மனையைச் சுற்றி விட வேண்டிய இடம், உயரம், எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு), வண்டி நிறுத்தும் இடம், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றைத்தான். இதில் மீறல் இருந்தால் மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள், அங்கீகரித்த வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, கட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் மனுவுக்குக் கனம் இருக்கும். அப்புறம், உங்கள் ஜன்னலுக்கு வரும் வெளிச்சமும் காற்றும் பெரிய அளவில் அடைபட்டால் அது வேறு விஷயம். இடையூறின்றி 20 ஆண்டு அனுபவித்து வந்திருந்தால் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கேள்வி: சுயசான்றில் அனுமதி வாங்கியிருக்கிறேன். யாரும் வந்து பார்ப்பதில்லையே, பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் என்ன?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்ட 2024 முதல் இந்த வசதி இருக்கிறது. விதிப்படி கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள், எனவே பொறுப்பும் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் டேப் வைத்து அளந்து ஒரு மனு கொடுத்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், இடிக்கிற செலவும் உங்களுடையதுதான். வரைபடத்தில் காட்டிய இடைவெளியை அஸ்திவாரம் தோண்டும்போதே மேஸ்திரியோடு நின்று அளந்துவிடுங்கள்.