ரத்த அழுத்தத்துக்கு நானும் அண்ணனும் சாப்பிடுவது மெட்டோப்ரொலால்; ஒரே மாத்திரை, ஒரே அளவு. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போகிறது. மரபணு காரணமா?

இருக்கலாம். நீங்கள் இருவரும் சாப்பிடுவது மெட்டோப்ரொலால் என்று எழுதியிருப்பதால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. மருந்தாளுநராக இருக்கும் எனக்கு, இதை 'உடம்பு வாகு' என்று சொல்லித் தள்ளிவிடுவதில் உடன்பாடில்லை.

மெட்டோப்ரொலாலைப் பெரும்பாலும் சிதைப்பது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2டி6 என்ற நொதி. அதன் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு வருகிறது. இரண்டுமே செயல்படாத வகையாக அமைந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும். மற்றவர்களுக்குச் சரியாக இருக்கும் அளவே இவர்களுக்கு அதிகமாகி, இதயத்துடிப்பு மிகவும் குறைந்துவிடலாம். எந்தப் பிள்ளைக்கு எது வந்து சேரும் என்பது மாறும்; அதனால்தான் கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் இந்த வித்தியாசம்.

இந்த நொதியின் வேறுபாடு தெரியவந்ததே ஒரு ரத்த அழுத்த மருந்தால்தான். 1970-களில் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் டெப்ரிசோகுயின் மருந்தைத் தானே விழுங்கிப் பார்த்தார். அதைச் சாப்பிட்ட சக ஆய்வாளர்கள் நன்றாக இருக்க, அவருக்கு மட்டும் அழுத்தம் கடுமையாகச் சரிந்தது. ஆய்வுக்கட்டுரை 1977-ல் வெளிவந்தது.

ஆனால் மரபணுப் பரிசோதனைக்கு முன்னால், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூஆக்ஸிடின், பராக்ஸிடின் இரண்டும் இதே நொதியைத் தடுக்கும். மரபணு நன்றாக இருப்பவருக்கும் அப்போது இதே நிலை வரலாம்.

ரத்த அழுத்தத்துக்கே தரும், சிறுநீரை அதிகமாக்கும் தயாசைடு வகை நீர்மாத்திரைகளிலும் மரபணு குறுக்கிடலாம்; ஆனால் அந்தக் கதை வேறு. அவை ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தசை தன் மின்நிலையை மீட்க, பொட்டாசியம் செல்லும் வழிகள் வேண்டும். அந்த வழிகளை அமைக்கும் கேசிஎன்ஹெச்2 போன்ற மரபணுக்களில் பிறவிக் குறை இருந்தால் அந்த மீட்பு ஏற்கெனவே தாமதமாக நடக்கும். பொட்டாசியமும் குறைந்தால் ஆபத்தான தாறுமாறான துடிப்பு வரக்கூடும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, காரணமில்லாமல் மயங்கி விழுந்திருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தயவுசெய்து மெட்டோப்ரொலாலை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். துடிப்பும் அழுத்தமும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே, இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுங்கள். அளவைக் குறைப்பதா, சிறுநீரகம் வழியாக வெளியேறும் அட்டெனோலால் போன்ற ஒன்றுக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.