ரப்பர் மரங்களுக்கிடையில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, முன்னால் ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ரோட்டில் ஓட்டிச் சலித்துவிட்டது. நம்ம பக்கத்தில் மலைப்பாதை எங்கே இருக்கு, எந்த மாதம் போகலாம்?
– கல்லூரி மாணவர், களியக்காவிளை

தம்பி, தெற்கே மிதித்தால் தேங்காய்ப்பட்டணம் கடல், வடக்கே மிதித்தால் பனச்சமூடு, வெள்ளறடை, பத்துகாணி என்று மலையடிவாரம், இரண்டும் ஒரே காலைப் பொழுதில் எட்டும் ஊரில் இருக்கிறீர்கள். ஆனால் எடுத்த எடுப்பில் பத்துகாணி ஏற்றத்துக்குப் போக வேண்டாம். முதலில் சானல் (பாசனக் கால்வாய்) கரைகளில் தார் விழாத இடமாகப் பார்த்து ஓட்டுங்கள், மண்ணில் டயர் எப்படிப் பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்பது அங்கேதான் பிடிபடும். அப்புறம் ஜீப் போகிற அளவுக்கு அகலமான எஸ்டேட் ரோடு. ஒற்றையடிப் பாதை அதற்கும் அப்புறம்.

மாதம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஜூனில் நனையும் மண் டிசம்பர் வரை முழுசாகக் காயாது. மழையில் ஊறிய செம்மண் டயரில் அப்பிக்கொள்ளும், பாறை மேல் பாசி பிடித்திருக்கும், அட்டை வேறு. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். ரப்பர் இலை உதிர்ந்து, புதுத் தளிர் வரும்போது பெரும்பாலான தோட்டங்களில் பால்வெட்டுக்கும் (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது) ஓய்வு விடுவார்கள், தோட்டத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உதிர்ந்த சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும், அடியில் வேரும் கல்லும் தெரியாது, அதனால் புதுப் பாதையில் முதல் தடவை இறங்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஓட்டுங்கள். சருகுக் காலத்தில் தோட்டத்துக்குள் பீடி, தீப்பெட்டி எதுவும் ஆகாது.

டயரில் காற்று? ரோட்டுக்கு ஐம்பது, அறுபது பி.எஸ்.ஐ. அடித்து வைத்திருப்பீர்கள். 2.2 இஞ்ச் டயர் என்றால் உங்கள் எடையைப் பொறுத்து முப்பதுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். ரொம்பவும் இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் கடிபட்டுக் கிழியும்.

கேள்வி: பால்வெட்டுகிற ஒருவர் என்னையும் நண்பர்களையும் வழிமறித்துத் திட்டினார். ஊர்க்காரர்கள் எல்லாரும் நடக்கிற வழிதானே, எங்களுக்கு மட்டும் என்ன தடை?
– வாசகர், அருமனை

அவர் திட்டியதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நான் உங்கள் பக்கம் பேச முடியாது. வெட்டு நடக்கிற மாதங்களில் விடியுமுன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிப் போவார்கள். சில மணி நேரம் பால் வடிந்த பிறகு, அதே வழியில் வாளியோடு திரும்பி வந்து சிரட்டை சிரட்டையாகப் பால் எடுப்பார்கள். நிறைந்த வாளியோடு சரிவில் இறங்குகிற ஒருவர் முன்னால், திருப்பத்தில் சத்தமே இல்லாமல் ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தால்? வாளி கவிழ்ந்தால் அன்றைய உழைப்பு மண்ணில். அவர் விழுந்தால் அதைவிட மோசம்.

இந்த மலைச்சைக்கிள் விளையாட்டு பிறந்த ஊரிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம், நம்ம பக்கம் மாதிரியே கடலோரத்தில் மலை எழும்பி நிற்கும், டமல்பையஸ் என்பது அந்த மலையின் பெயர். 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஏறி, மண் ரோட்டில் வேகமாக இறங்கினார்கள். 1976இல் அந்த மாவட்டத்தில் ‘ரீபேக்’ என்ற போட்டியைத் தொடங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், ஒரே இறக்கத்தில் அதற்குள் இருக்கும் கிரீஸ் சூடாகிப் புகைந்து போய்விடும், ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும், அதனால் வந்த பெயர் அது. அப்படிப்பட்ட இடத்திலேயே, நடப்பவர்களோடும் குதிரையில் போகிறவர்களோடும் தகராறு வந்து, அந்த மலையின் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் சைக்கிளுக்கு மூடப்பட்டுக் கிடந்தன. அகலமான மண் ரோட்டில் மட்டும்தான் அனுமதி இருந்தது, அதிலும் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, ஆளைக் கடக்கும்போதும் மறைவான திருப்பத்திலும் 8 கிலோமீட்டர்தான்.

நம்ம ஊரில் யாரும் போர்டு எழுதி வைக்கப் போவதில்லை. குறுக்கே ஒரு முள்வேலி வரும், அவ்வளவுதான், பாதை போய்விடும். தோட்டக்காரரிடம் முதலில் கேளுங்கள். பால் எடுத்து முடிகிற நேரத்துக்குப் பிறகு போங்கள். எதிரே ஆள் வந்தால் நீங்கள் இறங்கி ஓரமாக நில்லுங்கள். திட்டினவரிடமே போய் "சேட்டா, எத்தனை மணிக்கு வந்தா தொந்தரவில்ல?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் பாறை உடைந்து கிடக்கிறது என்பதுகூட அவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும்.

கேள்வி: இறக்கத்தில் எனக்குப் பயம். பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போகிறது.
– வாசகி, பாறசாலை

பயம் நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. உங்கள் சைக்கிளில் எந்த லிவர் முன் பிரேக் என்று முதலில் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்காது. வண்டியை நிறுத்துகிற பலம் பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்று அதைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் நெரிக்கிறீர்கள், இறக்கத்தில் பின் சக்கரத்தில் பாரமே இருக்காது, அதனால் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. இரண்டையும் ஒவ்வொரு விரலால் மெதுவாகப் பிடியுங்கள். சீட்டை ஒரு கை அளவு இறக்கி வைத்து, பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நின்று, முட்டியும் முழங்கையும் மடங்கி, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, நாலைந்து மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கை விடுங்கள். நனைந்த வேர் குறுக்கே வந்தால் நேராகக் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக் தொடவே கூடாது. சக்கரம் பூட்டி இழுத்தால் விழுவது ஒரு பக்கம், அந்தக் கோட்டில் அடுத்த மழையில் தண்ணீர் ஓடிப் பாதையையே அறுத்துவிடும்.

கேள்வி: பொன்முடியில் ஆசியப் போட்டி நடந்ததாமே?
– வாசகர், நெய்யாற்றின்கரை

ஆமாம், 2023 அக்டோபர் கடைசியில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. நமக்கு அது பெரிய விஷயம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மலையில் ஆசியாவின் நல்ல ஓட்டக்காரர்கள் வந்து ஓட்டியிருக்கிறார்கள். நீங்கள் போனால் கல்லாறிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற தார் ரோடே போதும், கால் சொல்லும். தோட்டத்துப் பாதையில் இறங்க எஸ்டேட் அனுமதி வேண்டும்.

கேள்வி: கீரிப்பாறை, கோதையார் காட்டுக்குள் மரம் வெட்டி எடுக்கப் போட்ட கூப்பு ரோடு இருக்கிறதே, அதில் போகலாமா?
– வாசகர், குலசேகரம்

அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008இலும், கேரளப் பக்கம் நெய்யாறு சரணாலயம் 1958இலும் அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சட்டத்தை விடுங்கள், யானைக்கு நாம் வருவது தெரிய வேண்டும். நடக்கிறவன் மெதுவாக வருவான், ஜீப் சத்தத்தோடு வரும், சைக்கிள் மட்டும் சத்தமில்லாமல் வேகமாக வரும், அதுதான் ஆபத்து. காட்டை ஒட்டிய எஸ்டேட் ரோட்டில்கூட சாயங்காலம் நாலு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். திருப்பங்களில் உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். புது யானைச் சாணியோ ஒடிந்த ஈற்றை மூங்கிலோ தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

கேள்வி: எங்கள் சொந்த விளை (தோட்டம்) மலைச்சரிவில் இருக்கிறது. பிள்ளைகளுக்காக ஒரு சைக்கிள் பாதை வெட்டலாம் என்று நினைக்கிறோம்.
– வாசகர், ஆறுகாணி

ரொம்பச் சந்தோஷம், இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். மண்வெட்டி எடுக்கும் முன் ஒரு நல்ல மழையில் குடையோடு போய் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழே நேராக வெட்டினால் அது ஓடையாகிவிடும், ஒரே மழைக்காலத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும், கீழே இருப்பவர் விளைக்கு உங்கள் மண் போகும். பாதை சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். உலகம் முழுக்கப் பாதை போடுகிறவர்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று, சராசரியாக நூறு அடி போனால் பத்து அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இன்னொன்று, பாதையின் சாய்வு அந்த இடத்து மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையிலேயே ஓடும். பாதையின் வெளி ஓரத்தை உள் ஓரத்தைவிடச் சிறிது தாழ்வாக விடுங்கள், இருபது முப்பது அடிக்கு ஒரு தடவை லேசாக இறங்கி ஏறுகிற மாதிரி வைத்தால் அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். ரப்பருக்குப் போட்ட பிளாட்பாரங்கள் (படித்தட்டுகள்) ஏற்கெனவே சரிவுக்குக் குறுக்கேதான் இருக்கும், பாதி வேலை முடிந்த மாதிரி, அவற்றை இணைத்தால் போதும். ஆனால் பிளாட்பாரத்தின் வரம்பை உடைக்காதீர்கள், மரத்துக்கு ஈரம் நிற்பது அதனால்தான். மழைக்காலத்தில் பாதையைப் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் கெஞ்சினாலும்.

கேள்வி: வாங்கி ஆறு மாதத்தில் செயின் துருப்பிடித்துவிட்டது.
– வாசகர், குளச்சல்

உப்புக்காற்று. ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, செயின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்து இறுகிவிடும். டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது. கடற்கரை மணலில் ஓட்டிய அன்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.