‘ரிலாக்ஸ்’ என்று சொன்னால் போதுமா?

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். அடிக்கடி நேர்காணல் எடுக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்ததுமே உறைந்துவிடுகிறார்கள், தெரிந்த பதிலும் வாயில் வருவதில்லை. சிரிக்கிறேன், ‘ரிலாக்ஸ்’ என்கிறேன், ஜோக் சொல்கிறேன். தமிழில் பேசிப் பார்க்கலாமா? முதல் கேள்வி என்ன கேட்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயந்தவனிடம் பயப்படாதே என்றால், ‘ஐயோ, முகத்திலேயே தெரிகிறதா’ என்று இன்னொரு பயம்தான் சேரும். ஐ.ஏ.எஸ். தேர்வு அறிவிக்கையிலேயே, நேர்காணல் குறுக்கு விசாரணை அல்ல, நோக்கத்தோடு நடக்கும் இயல்பான உரையாடல் என்று போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போகிறவனுக்கும் கை நடுங்கத்தான் செய்கிறது. ஜோக்கையும் விடுங்கள், உங்கள் ஜோக்குக்குச் சிரிப்பது அவனுக்கு இன்னொரு பரீட்சை. தமிழா? பேசுங்கள், ஆனால் அடுத்து வரும் ஒடிசாப் பெண்ணுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

சரி, நீங்கள் எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். உங்கள் முன்னால் வருவதற்கு முன் அவன் எவ்வளவு நேரம் காத்திருந்தான்? மதுரையில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை சில்க் போர்டில் இறங்கி, எங்கேயோ முகம் கழுவிச் சட்டை மாற்றி, மாரத்தஹள்ளி நெரிசலில் கசங்கி, கேட்டில் ஆதாரைக் காட்டி, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டவிட்டு, பத்து மணிக்கு என்றதால் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருப்பான். நீங்கள் மீட்டிங் முடித்துப் பன்னிரண்டரைக்கு வந்து சிரிக்கிறீர்கள். யாருக்கு வேண்டும் அந்தச் சிரிப்பு?

1997இல் இதே ஊரில் ஒரு கம்பெனி வரவேற்பறையில் நானும் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். போன நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. ஒரு மணிக்கு வாசல் செக்யூரிட்டி, தர்மபுரிக்காரர், பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். ‘உங்களுக்கு முன்னாடி இன்னும் நாலு பேரு தம்பி, ஆளுக்கு அரை மணி ஆவுது, போய்ச் சாப்ட்டு வாங்க, நான் சொல்லிக்கறேன்’ என்றார். எத்தனை பேர், எவ்வளவு நேரம், அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. மூன்று மணிக்கு உள்ளே இருந்தவர், ‘என்னை அண்ணனா நினைச்சுக்கோ’ என்றார். தம்பியை ஐந்து மணி நேரம் வெளியே உட்காரவைக்கிற அண்ணன்! வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை.

முதல் கேள்விதானே? சாப்பிட்டானா என்று கேளுங்கள். இல்லை என்று அவன் சொல்லமாட்டான், முகத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிஷம் கேன்டீனுக்கு அனுப்புங்கள், உங்கள் அடுத்த மீட்டிங் காத்திருக்கட்டும்.