புதையலுக்கு அல்ல, பதிவுக்கு

கேள்வி: மெட்டல் டிடெக்டர் என்றாலே புதையல் வேட்டைதான் நினைவுக்கு வருகிறது. தொல்லியலாளர்களும் பயன்படுத்துகிறார்களா?

பதில்: ஆம். போர்க்களங்களில் அது மிக முக்கியமான கருவி. பரந்த நிலத்தில் சிதறிய தோட்டாக்களைச் சோதனைக் குழி வெட்டித் தேடினால் பெரும்பாலானவை தப்பிவிடும். அமெரிக்காவின் மொன்டானாவில், 1876-இல் அமெரிக்கப் படைக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த இடத்தில், 1983-இல் புல் தீப்பிடித்து எரிந்து தரை வெளிப்பட்டது. மறு ஆண்டு தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் குழுவினர், டிடெக்டர் பிடித்தவர்களைச் சுமார் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடக்கவிட்டனர். ஒலி கேட்ட இடத்தில் கொடி மட்டும் நட்டார்கள். பின்னால் வந்தவர்கள் பொருளை அசைக்காமல் மண்ணை விலக்கினார்கள். இடம், ஆழம், கிடந்த திசை எல்லாம் பதிந்த பிறகே எடுத்தார்கள். இந்த ஒழுங்குதான் உயிர்நாடி. தோட்டா உறைகளில், சுடும்போது துப்பாக்கியின் ஊசி பதித்த தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்று காண முடிந்தது அதனால்தான். இடம் குறிக்காமல் பிடுங்கிய உறை வெறும் உலோகத் துண்டு.

கேள்வி: எங்கே தவறு நேர்கிறது?

பதில்: இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிடுவதில். ஆணி, லாடம், இரும்பு அம்புமுனை எல்லாம் அதோடு போய்விடும். கருவியின் அடியில் உள்ள, உலோகத்தை உணரும் சுருளைத் தரையை ஒட்டி, மெதுவாக, முந்தைய வீச்சின்மேல் படியும்படி வீசுங்கள். வீச்சின் முனையில் கை உயர்ந்தால் எட்டும் ஆழம் குறையும். இரும்புத்தாது மிகுந்த மண்ணில் முதலில் கருவியை மண்ணுக்கேற்பச் சமன்செய்யாவிட்டால் வீணாகக் கத்தும். ஆழத்தில் கிடக்கும் சிறு நாணயம் சாதாரணக் கருவிக்கு எட்டாது. ஒலிக்காத இடத்தை வெற்றிடம் என்று எழுதிவிடாதீர்கள்.